கினிகத்தேனையில் கழற்றிய ஸ்வெட்டர்

தன் மேல் பிழை இருக்கலாம் என்ற எண்ணம் ஷாமிலாவுக்கு வருவதற்குள், ஊரிலுள்ள மற்ற எல்லார் மேலும் குற்றம் சொல்லி முடித்திருப்பாள். வாய் அப்படி. அந்த வாயோடுதான் கம்பெனியின் கொழும்பு ஆபீஸிலிருக்கும் பிரதாப்புடன் மூன்று நாளாகப் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏழெட்டு நிமிஷம் நல்லா ஓடுது ஷாமிலா. அதுக்குப் பிறகு விட்டு விட்டுப் போகுது. லொறி தவளை மாதிரித் தாவுது” என்றான் பிரதாப்.

“உங்க போன்ல குப்ப சேந்திருச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் பாருங்க.”

“அழிச்சிட்டேன்.”

“அப்ப போனே சரியில்ல. நாங்க இங்க அதே மாடல்லதான் பாக்குறோம். ஒரு மணித்தியாலம் அசையாம ஓடுது. வீடியோ எடுத்து அனுப்பினேனே, பாத்தீங்களா, இல்லையா?”

பிரதாப் பார்த்திருந்தான். யார் பார்த்தாலும் வாயடைத்துப் போகும் வீடியோதான் அது. ஹட்டன் மெயின் ரோட்டில், ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருக்கும் அவர்களுடைய அறையில், ஜன்னலோரச் சீமெந்துக் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்து எடுத்தது. போனுக்குள் மழை பெய்கிறது. ஈரத் தார் ரோட்டில் ஆகாயம் தெரிகிறது. மலை முழுக்கத் தேயிலை, ஒவ்வொரு செடியும் காற்றுக்குத் தனித்தனியாக அசைகிறது. வளைவுக்கு வளைவு மிஸ்ட், அதுதான் மலைப் பனிமூட்டம், இறங்கி வந்து ரோட்டை மூடுகிறது. அதற்குள் ஒரு லொறி, சாக்குகளில் இருக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துபோவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டுமென்று லைட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. ஸ்டோர் என்றால் அந்தப் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கக்கூடாது. இது எடுத்து வைத்த படமில்லை, கேம். ஆடுகிறவர் லொறியை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ, அந்தப் பக்கத்து மலையையும் மழையையும் போன் அந்த நொடியிலேயே வரைந்து காட்ட வேண்டும். வினாடிக்கு அறுபது தடவை. பெரிய கேம் மெஷின்கள் செய்கிற இந்த வேலையை, சந்தைக்குப் போகிறவர் பையில் இருக்கும் சாதாரண போனில், வெறும் பிரவுசருக்குள்ளேயே ஓட வைத்திருந்தாள் ஷாமிலா. இன்ஸ்டோல் பண்ண ஒன்றுமில்லை. லிங்கைத் தட்டினால் லொறி புறப்பட்டுவிடும்.

வீடியோவில் திரையின் மூலையில் ஓர் எண் இருக்கும். வினாடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் எண். ஒரு மணித்தியாலம் முழுக்க அது அறுபதை விட்டு இறங்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிரதாப் கடைசியில் பெருமூச்சு விட்டான். “சரி. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு கேம வாங்குறவங்க வாறாங்க. அவங்களே கையில வச்சு இருபது நிமிஷம் ஆடிப் பாப்பாங்க. நம்பர் இருபத்தஞ்சுக்குக் கீழ ஒருக்கா இறங்கினாலும் சரிவராதாம். சரிவராட்டி மாசக் கடைசியோட ஹட்டன் ரூம மூடச் சொல்லி மேல முடிவெடுத்திருக்காங்க. நான் எதுவும் செய்ய ஏலாது.”

மூடிவிடுவார்களாம். அந்த அறைக்காக அவள் ஒற்றைக் காலில் நின்றது அவனுக்கல்லவா தெரியும்!

ஷாமிலா பிறந்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா வியாகுலம் ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்பு மெஷினில் வேலை. அம்மா சிசிலி மலையில் கொழுந்து பறித்தார். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்து, கொழும்புக்குப் போய்ப் படித்து, அங்கேயே வேலையும் கிடைத்து, வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் நாலு வருஷம் இருந்தாள். ஓர் அறையில் ஆறு பேர். குளிக்க வரிசை, துணி காயப்போட வரிசை. போர்டிங்கார அம்மா யாரிடம் பேசினாலும், “இந்தப் பிள்ள தோட்டம், ஆனா நல்ல பிள்ள” என்பார். அந்த ‘ஆனா’ ஷாமிலாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கொரோனாவில் லப்டொப்போடு வீட்டுக்கு வந்தவள், இனித் திரும்பிப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டாள். லயத்தில் சிக்னல் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்துப் படியில் மட்டும்தான் கிடைக்கும். குடம் நிறைக்க வருகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு வருஷம் வேலை செய்து காட்டினாள். அதன் பிறகுதான் கம்பெனி அந்த அறையை எடுத்துக் கொடுத்தது.

இப்போது அதில் மூன்று பேர். செடியும் மலையும் மிஸ்ட்டும் வரைகிற நிரஞ்சன். வேலையை எல்லாம் ஒன்றுசேர்த்து இன்டர்நெட்டில் ஏற்றிவிடுகிற நிஷாந்தி. நிஷாந்தியின் புருஷன் கட்டாரில். மூன்று வயதுப் பிள்ளையை முன்பள்ளியில் விட்டுவிட்டு, எட்டரைக்கு வந்து அறையைத் திறப்பவள் அவள்தான். சாவி அவள் தாலிக்கொடியோடு ஒரு ஊசியில் தொங்கும். கொழும்புக்கு வா என்றால் ஷாமிலா பல்லைக் கடித்துக்கொண்டு போயாவது தொலைவாள். நிஷாந்தி எங்கே போவாள்?

அவள் புருஷன்கூடப் போன வாரம் சொன்னான், “லொறி சிக்குது” என்று. ஷாமிலா அதற்குக் கட்டார் கேம்ப் வைஃபையைத் திட்டினாள்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு ஹட்டனில் பஸ் ஏறினார்கள், ஷாமிலாவும் நிரஞ்சனும். நிரஞ்சனுக்கு ஏசி பஸ்ஸில் போக ஆசை. ஏசி பஸ்ஸில் ஏறினால் அவிசாவளைக்குள் மூன்று தடவை வாந்தி எடுப்பாள் ஷாமிலா. அதனால் ஜன்னலெல்லாம் திறந்து கிடக்கும் சாதாரண சிவப்பு பஸ். முன் சீட்டில் அம்மாக்கண்ணு என்றொரு அம்மா, மகளைப் பார்க்க வத்தளைக்குப் போகிறவர், ஏறிய ஐந்து நிமிஷத்தில் இவர்கள் இருவரும் யார், எந்தத் தோட்டம், புருஷன் பெண்டாட்டியா இல்லையா என்பதையெல்லாம் விசாரித்து முடித்திருந்தார்.

நிரஞ்சன் ஒத்திகைக்காக லொறியை ஓட்டிக்கொண்டே வந்தான். அறுபது. அறுபது. அறுபது. ஷாமிலா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கினிகத்தேனையில் பஸ் நின்றது. மலையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் அங்கே வந்ததும், யாரும் சொல்லாமலே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். அதுவரை குளிர், அதற்குப் பிறகு வெக்கை. பஸ்ஸே ஒரு நிமிஷம் கையும் தலையுமாக இருக்கும். ஷாமிலாவும் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்தாள். பஸ் இறங்கியது. வெயில் இடது பக்க ஜன்னலால் நேராக நிரஞ்சனின் கைக்கு வந்தது.

“அக்கா…” என்றான் நிரஞ்சன்.

“என்னா?”

“நாப்பத்தெட்டு காட்டுது. சிக்னல் போயிருச்சு போல.”

“லோட் ஆனதுக்கப்புறம் அதுக்கு எதுக்குடா சிக்னல்? போனுக்குள்ளேயே ஓடுற சாமான்.”

“முப்பத்தொம்பது. அக்கா, இருபத்தெட்டு. ஐயோ, பத்தொம்பது!”

அவள் போனைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் கையை உதறினாள். போன் ரொட்டி சுட்ட தட்டு மாதிரிக் கொதித்தது. லொறி தவளை மாதிரித் தாவியது. பிரதாப் சொன்ன அதே தவளை.

ஒரு கையில் போன், மடியில் ஸ்வெட்டர். ஷாமிலா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாசமாப் போச்சு நிரஞ்சன். இதுக்குச் சூடு தாங்கல. சூடு கூடினா உள்ள எரிஞ்சு போகாம இருக்க போன் தானாவே வேகத்தக் கொறைச்சுக்கும். நாம ஹட்டன் குளிர்ல, அதுவும் ஐஸ் மாதிரிக் கெடக்குற சீமெந்துல வச்சுல்ல ஒரு மணித்தியாலம் ஓட்டினோம்! அங்க எந்தப் போன் சூடாகும்?”

“அப்ப பிரதாப் அண்ணன் சொன்னது…”

“உண்ம.”

“நிஷாந்தி அக்கா புருஷன் சொன்னது?”

“அதுவும் உண்மதான். வாய மூடு.”

ஷாமிலாவின் அப்பனுக்கு வாழ்நாள் முழுக்கச் சூட்டோடு வேலை. கூடினால் தூள் கருகும், குறைந்தால் புளிக்கும். அந்தச் சூட்டைப் பற்றிப் பேசிப் பேசியே சோறு தின்ற வீட்டில் பிறந்தவள். போதாததற்கு, கேமிலேயே கொழுந்து சூடேறாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆட்டம்! கொழுந்தின் சூட்டைக் கணக்குப் போட்டவளுக்குப் போனின் சூடு தோன்றவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

மணி எட்டே முக்கால். இரண்டு மணிக்கு ஐந்தே கால் மணித்தியாலம். அவள் லப்டொப்பைத் திறந்தாள்.

“எது அதிகமாச் சூடாக்குதுன்னு எனக்குத் தெரியும். மிஸ்ட்.”

நிரஞ்சன் முகம் மாறியது. மிஸ்ட் அவன் பிள்ளை மாதிரி. எட்டு மாதம் விடியற்காலையில் எழுந்து, தோட்டத்து ரோட்டில் நின்று, மிஸ்ட் எப்படி வருகிறது, எங்கே தேங்குகிறது, லொறி லைட் பட்டால் எப்படி மஞ்சளாகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆனால் திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும், அதற்குப் பின்னால் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு மிஸ்ட் என்று போன் கணக்குப் போட வேண்டும். லட்சக்கணக்கான புள்ளிகள், வினாடிக்கு அறுபது தடவை. கொதிக்காமல் என்ன செய்யும்?

“மிஸ்ட்ட வெட்டினா அது நம்ம ஊரா இருக்காதுக்கா. செடிய வெட்டுங்க. நெழல வெட்டுங்க.”

“செடியில ஒன்னுமில்ல. நான் முழுசா எடுக்கப் போறதில்ல. அறுபத முப்பதாக்குறேன். மிஸ்ட்டக் கால்வாசி அளவுல கணக்குப் போட்டு இழுத்து விரிக்கிறேன்.”

“சாயம் போன சீல மாதிரி இருக்கும்!”

“இருக்கட்டும். ரூம் வேணுமா, மிஸ்ட் வேணுமா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்க்க நேரமில்லை.

பஸ் வளைந்து வளைந்து இறங்க, மடியில் லப்டொப் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரிந்தது. எழுத்துகளைப் பார்க்கப் பார்க்கக் குமட்டிக்கொண்டு வந்தது. அம்மாக்கண்ணு திரும்பிப் பார்த்துவிட்டு, கேட்காமலே, வாந்திக்கு ஒரு சொப்பிங் பேக்கையும் ஆரஞ்சு மாதிரி மணக்கும் தோடம்பழத் தோலையும் நீட்டினார்.

“மோந்துக்க புள்ள. பஸ்ஸுல குனிஞ்சு என்னா எழுத்து? பரிச்சயா?”

“பரிச்சதாங்க” என்றாள் ஷாமிலா, தோலை மூக்கில் பிடித்துக்கொண்டே.

எழுதியதை நிஷாந்திக்கு அனுப்ப வேண்டும். அவள்தான் சேர்த்து ஏற்ற வேண்டும். பொல்பிட்டியப் பக்கம் தாண்டியதும் சிக்னல் சுத்தமாக இல்லை. ஒருபக்கம் மலை, ஒருபக்கம் ஆறு, நடுவில் இவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கித்துல்கலவில் தேத்தண்ணிக்குப் பஸ் நிறுத்தினார்கள். முதல் ஆளாக இறங்கி, ரோட்டோரமாக ஓடி, ஒரு கோடு சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அனுப்பினாள்.

நிஷாந்தி உடனே எடுத்தாள். “என்னாச்சுக்கா?”

“பெரிய பிழ நிஷாந்தி. என்னோட பிழ. இப்ப அனுப்பினத உடனே ஏத்து. கேள்வி கேக்காத.”

“சரிக்கா.” கொஞ்சம் நிறுத்தி, “ரூம் போயிருமாக்கா?” என்றாள்.

“ஏத்துன்னு சொன்னேன்ல!” என்று கத்திவிட்டாள்.

யட்டியாந்தோட்டை தாண்டும்போது புதியது வந்துவிட்டது. இப்போது சூட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிரஞ்சன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஷாமிலாவுக்கு லப்டொப்பில் வேலை. அம்மாக்கண்ணுவின் சீட்டில்தான் நல்ல வெயில்.

“அம்மா, ஒரு ஒதவி. இந்த லொறிய ஓட்டுறீங்களா? வெயில்ல புடிச்சுக்கிட்டு ஓட்டணும். மூலையில ஒரு நம்பர் இருக்கு, எறங்கினா சொல்லுங்க.”

“நான் எங்க புள்ள லொறி ஓட்டினேன்!” என்றாரே தவிர, கை அதற்குள் போனை வாங்கிவிட்டது. வாங்கியவர் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி ஓட்டத் தொடங்கினார். “அடியாத்தி, ரோட்டுல மாடு! ஏய், தள்ளு! இந்த வளைவு எங்க டிவிஷன் வளைவு மாதிரியே இருக்கே. முப்பது புள்ள. முப்பது. மப்பு வருது, கண்ணே தெரியல. முப்பது.”

பன்னிரண்டாவது நிமிஷத்தில் அந்தக் குரல் மாறியது. “இருவத்தேழு. இருவத்தஞ்சு. புள்ள, இருவத்திரெண்டு.”

போதவில்லை. ஷாமிலா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருப்பது ஒரே வழி. போனின் சூடு எவ்வளவு என்று பிரவுசர் சொல்லாது, ஆனால் படம் வரைய நேரம் எடுப்பதைப் பார்த்தாலே சூடு தெரிந்துவிடும். நேரம் கூடக் கூட, மிஸ்ட்டைத் தானாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். சட்டென்று குறைத்தால் ஓட்டை தெரியும். எப்படிக் குறைப்பது?

நிரஞ்சன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். “மிஸ்ட் கரையாதுக்கா. எந்திரிச்சுப் போகும். வெயில் வந்தா முதல்ல ரோட்ட விட்டு எந்திரிக்கும், அப்புறம் செடிய விட்டு, கடைசியாத்தான் மலை உச்சிய விடும். கீழயிருந்து மேல எடுங்க. யாருக்கும் தெரியாது.”

அவள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவிசாவளையிலிருந்து ஹன்வெல்லைக்குள் அவள் எழுதி முடிக்க, நிஷாந்தி ஏற்ற, அம்மாக்கண்ணு மறுபடி லொறியைப் புறப்பட விட்டார். பதினோராவது நிமிஷத்தில் முப்பது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் திரை கறுத்துவிட்டது.

“நான் ஒன்னும் செய்யல புள்ள!” என்று பதறினார் அம்மாக்கண்ணு.

நிரஞ்சனின் போனில் பேட்டரி செத்துவிட்டது. லப்டொப் அதற்கு முன்பே. இருபது நிமிஷம் முழுதாக ஓடுமா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

கொழும்பு நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேரும்போது மணி இரண்டு. கம்பெனி மூன்றாம் மாடியில். கதவைத் திறந்ததும் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அப்படி ஓர் ஏசி. ஸ்வெட்டரை மறுபடி போடலாமா என்று தோன்றும் குளிர். நீள மேசையில் ஒரு புதுப் போன், முழுச் சார்ஜில், அதே மாடல். வாங்க வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி அதை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டார்.

நிரஞ்சன் முகம் சூரியகாந்தியாய் மலர்ந்தது. ஷாமிலாவின் காதில், “அக்கா, ஏசி! இங்க ஒரு மணித்தியாலமும் ஓடும். வாயத் தெறக்காதீங்க” என்றான். சொன்னதோடு நில்லாமல் காலையும் மிதித்தான்.

உண்மைதான். இந்த அறையில் எந்தப் பிரச்சினையும் வராது. பிரதாப்புக்குக் காரணம் தெரியாது. அவன் போன் சிக்கியதெல்லாம் அவன் வீட்டு வெராண்டாவில். அந்த அறையில் சூட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான். இருபது நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் ஹட்டன் அறை பிழைத்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஷாமிலா வாயைப் பொத்திக்கொண்டிருக்க மனதார ஆசைப்பட்டாள்.

லொறி புறப்பட்டது. அறுபது இல்லை, முப்பது. ஆனாலும் அந்தப் பெண்மணி, “ஓ!” என்று மிஸ்ட்டைப் பார்த்து வியந்தார்.

அப்போதுதான் கட்டாரிலிருக்கும் நிஷாந்தியின் புருஷன் ஞாபகத்துக்கு வந்தான். நாற்பது டிகிரி வெயிலில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, பெண்டாட்டி செய்த கேம் என்று கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டியவன். சிக்குது என்று வெட்கத்தோடு சொன்னவன். அவனிடம் போய் வைஃபை சரியில்லை என்றாளே. இன்றைக்கு ஏசியில் தப்பித்து, அடுத்த மாதம் உலகமெல்லாம் வெயிலில் சிக்கினால், அப்போது அறையும் போகும், மானமும் போகும். அது ஒருபக்கம். பயமில்லாமல் ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பு இன்னொருபக்கம்.

“மேடம், நிறுத்துங்க” என்றாள் ஆங்கிலத்தில். “இங்கே ஆடாதீர்கள். வெளியே வெயிலில் வைத்து ஆடுங்கள்.”

நிரஞ்சன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஷாமிலா எல்லாவற்றையும் சொன்னாள். ஹட்டன் குளிரை, ஜன்னல் சீமெந்தை, கினிகத்தேனையில் ஸ்வெட்டர் கழற்றுவதை. இன்று காலைதான் தெரிய வந்தது, பஸ்ஸில்தான் திருத்தினோம், முழுதாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதையும். பிறகு பிரதாப் பக்கம் திரும்பித் தமிழில், “மன்னிச்சிருங்க பிரதாப். உங்க போன் நல்லாத்தான் இருந்துச்சு. எங்க ஊருதான் குளிரு” என்றாள்.

அவன் முகத்தில் இருந்தது கோபமா வேறு ஏதுமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கட்டடத்துக்குப் பின்னால் வாகனம் நிறுத்துமிடம். இரண்டேகால் மணி வெயில், தார் உருகுகிற மாதிரி. அந்தப் பெண்மணி படியில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார். ஷாமிலா பின்னால் நின்று மூலையிலிருந்த எண்ணையே பார்த்தாள். ஐந்து நிமிஷம், முப்பது. பத்து நிமிஷம், முப்பது. நிரஞ்சன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. பதின்மூன்றில் இருபத்தெட்டு. பதினைந்தில் இருபத்தாறு. மாதாவே, மாதாவே என்று அவள் வாய் முணுமுணுத்தது. மிஸ்ட் ரோட்டை விட்டு எழுந்தது. தேயிலை பளிச்சென்று தெரிந்தது. மிஸ்ட் செடிக்கு மேலே போய், உச்சியில் மட்டும் தங்கியது.

இருபத்தைந்து.

பெண்மணி போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார், சுட்டிருக்கும். இருபத்தைந்து. இருபத்தைந்து. ஷாமிலா நிரஞ்சனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. இருபத்தாறு. இருபத்தைந்து. இருபத்தேழு. லொறி ஸ்டோர் கேட்டுக்குள் நுழைந்தது, கொழுந்து சிவக்கவில்லை. இருபது நிமிஷம் பதினைந்து வினாடி.

பெண்மணி எழுந்து தண்ணீர் கேட்டார். “பேச வேண்டும்” என்று பிரதாப்பிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை இல்லை.

பிரதாப் கேட்வரைக்கும் கூட வந்தான். “இங்க வச்சு டெஸ்ட் பண்ணியிருந்தா இது முதல் நாளே தெரிஞ்சிருக்கும்னு மேல சொல்லுவாங்க. அந்த ஏசிக்குள்ளயே இருந்திருக்கலாம், தெரியுமா ஷாமிலா?”

“தெரியும்.”

“பேசிட்டு மெசேஜ் போடுறேன்.”

திரும்பி வரவும் சிவப்பு பஸ்தான். நிஷாந்தி மூன்று தடவை அழைத்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் ஷாமிலா எடுக்கவில்லை. வாயைத் திறந்தது பிழையோ? வெள்ளவத்தைப் போர்டிங்கின் துணி காயப்போடும் வரிசை கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. நிஷாந்தியின் பிள்ளை அறைக்கு வரும் நாட்களில் மேசைக்குக் கீழே படுத்துத் தூங்கும். அதுவும் வந்து போனது.

கினிகத்தேனைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. பஸ்ஸில் எல்லாரும் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஷாமிலா ஸ்வெட்டருக்குள் தலையை விட்ட நேரம் போன் அதிர்ந்தது. அவசரத்தில் கை கழுத்துக்குள்ளே மாட்டிக்கொண்டது. நிரஞ்சன்தான் எடுத்து வாசித்தான்.

“எடுத்துக்கிட்டாங்க. ஏசியில இருந்து எந்திரிச்சு வந்தவங்களோடதான் வேலை செய்யணுமாம். ஹட்டன் ரூம் இருக்கும். ஆனா இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை ஒராள் போனோட கினிகத்தேனைக்குக் கீழ இறங்கி வந்து டெஸ்ட் பண்ணணும். இது மேலிடத்து உத்தரவு. என் போன்கிட்ட மன்னிப்பு கேக்கணும், இது என் உத்தரவு. பிரதாப்.”

நிரஞ்சன் பஸ்ஸென்றும் பாராமல் கத்தினான். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷாமிலாவின் தலை இன்னும் ஸ்வெட்டருக்குள்ளேயே இருந்தது. அதற்குள்ளேயே அவள் அழுதாள். நாலு வருஷத்துப் போர்டிங்கும் மூன்று நாள் வீம்பும் அந்த இருபது நிமிஷமும் எல்லாம் சேர்ந்து வந்த அழுகை.

மறுபடி நிஷாந்தி. இந்தத் தடவை எடுத்தாள்.

நிஷாந்தி ஜெயித்தீர்களா என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. ரொம்ப மெதுவாக, பயந்து பயந்து கேட்டாள்.

“நாளைக்கு வழமபோல ரூமத் தொறக்கவாக்கா?”

“தொற” என்றாள் ஷாமிலா. “உன் புருஷன்கிட்டச் சொல்லு, அவரு வைஃபையில ஒரு பிழயும் இல்லன்னு.”

அந்தப் பக்கம் சாவி ஊசியிலிருந்து கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு நிஷாந்தியும் அழுவது கேட்டது.